கோப்பை கொடுத்தோம், முட்டை கொடுத்தோமா?

ஆற்றங்கரை ஊர்களின் வளர்ச்சியும் விளையாட்டும்: குமராட்சிக் கடைத்தெருவிலிருந்து ஒரு கணக்கு



பொங்கல் நெருங்கினால் நம் கடைகளுக்கு இரண்டு கூட்டம் வரும். வெல்லம், பச்சரிசி, முந்திரி வாங்க வருவது ஒன்று. ரசீது புத்தகத்துடன் வரும் இளைஞர் கூட்டம் இன்னொன்று. "கபடிப் போட்டி வைக்கிறோம், உங்க கடை பேர்ல ஒரு பரிசு போடுங்க ஐயா" என்று கேட்பார்கள். நாமும் கல்லாவைத் திறந்து ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுப்போம். நோட்டீசில் கடைப் பெயர் வரும். மைக்செட்டில் மூன்று நாள் நம் பெயர் ஒலிக்கும். கடைசி நாள் மேடையேறிக் கோப்பையைக் கையில் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு இறங்குவோம். அதோடு நம்முடைய விளையாட்டுப் பணி அடுத்த தை மாதம் வரை முடிந்துவிடும்.

நானும் குமராட்சியில் மளிகைக் கடை வைத்த நாள் முதல் இதைத்தான் செய்து வந்தேன். தவறு என்று தோன்றியதில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, சரக்கு வண்டியிலிருந்து மூட்டை இறக்க வந்த ஆளைப் பார்த்தேன். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. ஆனால் நடையில் ஒரு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"என்ன தம்பி, எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே?" என்றேன்.

"நீங்கதான் ஐயா எனக்குக் கோப்பை குடுத்தீங்க. சிறந்த ரைடர் பரிசு" என்றார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த போட்டி நினைவுக்கு வந்தது. அன்று அந்தப் பையன் கோட்டைத் தாண்டினால் எதிரணி பின்வாங்கும். "மாவட்ட அணிக்குப் போயிருக்கலாமே, ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்டேன். "கட்டாந்தரையில விழுந்து முட்டி போச்சு ஐயா. காட்டிக்க ஆள் இல்ல. வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு எத்தனை நாளைக்கு ஆடுறது? கோப்பை மட்டும் இன்னும் வீட்டுல இருக்கு" என்று சிரித்தபடி அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்று வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. அந்தக் கோப்பைக்கு நான் கொடுத்த பணத்தை ஒரு வருடம் முட்டையாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஆறு வளர்த்த ஊர்

நம் பகுதியை வளர்த்தது கொள்ளிடம். 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் காலத்தில் அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. தண்ணீர் வந்ததால் நெல் விளைந்தது. நெல் விளைந்ததால் மண்டி வந்தது. மண்டி வந்ததால் மளிகைக் கடையும் ஜவுளிக் கடையும் டீக்கடையும் வந்தன. குமராட்சி ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமானதும் சுற்றுக் கிராமத்து மக்கள் ஆபீஸ் வேலைக்கு வரும்போதே வாரச் சாமானும் வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். சிதம்பரம் – காட்டுமன்னார்கோவில் சாலையில் பஸ் நின்று போகிற ஊராக இருந்தது, இறங்கி வியாபாரம் செய்கிற ஊராக மாறியது.

ஆறு கொடுத்த கையாலேயே எடுக்கவும் செய்யும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் போன்ற ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்ததை நாம் பார்த்தோம். அறுவடை கண்டால்தான் கடன் அடையும் என்று சிட்டையில் எழுதி வைத்திருக்கும் நமக்கு, வெள்ளம் வந்தால் வரவேண்டிய பற்றும் சேர்ந்தே போகும்.

முன்பு நம் பிள்ளைகளுக்கு மைதானம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. தை, மாசியில் சம்பா அறுத்து முடிந்தால் தாள் நிற்கும் வயலே மைதானம். மாலை நாலு மணிக்கு வரப்போரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்குவார்கள். சடுகுடு, கிரிக்கெட், கைப்பந்து என்று அடுத்த உழவு வரை ஆட்டம் நடக்கும். ஆற்று மணலில் ஓடிப் பழகியவர்கள் உண்டு. வாய்க்காலில் நீச்சல் கற்றவர்கள் உண்டு.

இன்று நிலைமை வேறு. சாலையோர வயல்கள் மனைகளாகிவிட்டன. கல் நட்டுக் கம்பி கட்டிய இடத்தில் பந்து விழுந்தால் எடுக்கப் போகவும் தயங்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று பெரியவர்களுக்கே தெரியாது. முதலை பயமும் இருக்கிறது. பழைய கொள்ளிடத்திலும் அதை ஒட்டிய வாய்க்கால்களிலும் முதலை நடமாட்டம் உள்ளது. ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள் என்பதை மாதம் ஒரு முறையாவது செய்தித்தாளில் படிக்கிறோம். எந்தத் தாய் பிள்ளையை ஆற்றுக்கு அனுப்புவாள்?

ஊர் வளர்ந்தது, பிள்ளைகள் ஓடி ஆடும் இடம் சுருங்கியது. அந்த வளர்ச்சியில் லாபம் கண்டவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கடலூர் காட்டிய வழி

சரக்கு எடுக்கக் கடலூருக்குப் போகிற நண்பர்கள் பலர். கடலூரும் நம்மைப் போல ஆற்றங்கரை ஊர்தான். அளவில் பெரியது, அவ்வளவே. வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், துறைமுகப் பக்கம் உப்பனாறு. ஆறு கடலில் கலக்கும் இடம் என்பதால்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து அங்கிருந்த கோட்டையை வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. துணி வியாபாரம் அந்த ஊரை வளர்த்தது. துறைமுகத்துப் பழைய நகரம், கோயிலும் கடைவீதியும் கொண்ட திருப்பாதிரிப்புலியூர், அலுவலகங்கள் நிறைந்த மஞ்சக்குப்பம் என்று தனித்தனியாக இருந்தவை இன்று ஒரே நகரமாகிவிட்டன. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூர் மாவட்டம் பிறந்தது.

அந்த ஊர் பட்ட அடிகளையும் நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் சுமார் 600 பேர் உயிரிழந்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல். 2015இல் பெருவெள்ளம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டது. ஒவ்வொரு முறையும் கடைகளில் தண்ணீர் புகுந்து, சர்க்கரை மூட்டை கரைந்து, மறுபடி கடனில் சரக்கெடுத்துக் கடை திறந்த நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அதே ஊரிலிருந்துதான் பெண் பிள்ளைகளின் கால்பந்தாட்டம் எழுந்தது. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலூரில் சிறுமிகள் கால்பந்து பழகத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் மாரியப்பனின் வழிகாட்டலில் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதெமி என்ற பெயரில் அணி உருவானது. 2018இல் அந்த அணி இந்தியப் பெண்கள் லீக் போட்டியின் இறுதிச் சுற்று வரை சென்று நாட்டின் பெரிய அணிகளுடன் ஆடியது.

அதே 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர் என்றுதான் அதுவரை பேச்சு. பலமுறை கோப்பையை வென்ற அந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2–1 என்று தோற்கடித்து, தமிழ்நாடு முதல் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. வென்ற அணியில் கடலூரில் பழகிய பெண்கள் பலர். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் அந்தக் கோப்பையைப் பெற்றது.

இவர்களில் கடலூர் இந்துமதி கதிரேசனின் பெயர் எல்லோரும் அறிந்தது. 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியப் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்தை 3–1 என்று வென்றது. அதில் ஒரு கோல் இந்துமதி போட்டது. பிறகு தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடியவர். குடும்பக் கஷ்டத்தால் கடலூரில் அரசு இல்லத்தில் தங்கிப் படித்தவர். அங்கே மூத்த அக்காமார் பந்து ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆட வந்தவர். வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. தங்க இடம், படிக்கப் பள்ளி, வேளைக்குச் சோறு, மாலையில் ஆட ஓர் இடம், சொல்லித் தர ஒருவர். இந்த ஐந்தும் ஒன்றாக அமைந்த இடத்தில்தான் இந்தியாவுக்கு ஆடும் பெண் உருவானார். நம் ஊர் ரைடருக்கு இருந்தவை பள்ளியும் திறமையும் மட்டுமே. மீதிக்குப் பதிலாக நாம் கொடுத்தது ஒரு கோப்பை.

கபடியிலும் இதே கதைதான். தஞ்சை மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதிலும் களத்தில் நிற்க வேண்டுமானால், இளமையிலிருந்தே உடம்பைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். திறமை வயலில் விளைந்துவிடும். உடம்பை வருடம் முழுவதும் யாராவது கவனித்தால்தான் நிற்கும்.

மளிகைக்காரன் போட்ட கணக்கு

கணக்கு என்று வந்தால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் 20 பேர் என்று வைப்போம். மாதத்தில் 25 நாள் பயிற்சி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு அவித்த முட்டை என்றால் மாதம் 500 முட்டை. ஒன்று 7 ரூபாய் என்று போட்டால் 3,500 ரூபாய்.

ஆளுக்கு 40 கிராம் கொண்டைக்கடலை சுண்டலுக்கு. 20 பேருக்கு 800 கிராம். 25 நாளைக்கு 20 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று போட்டால் 2,000 ரூபாய்.

கட்டுத்துணி, களிம்பு, பந்துக்கு ஒட்டு, காற்று என்று சில்லறைச் செலவு 500 ரூபாய்.

ஆக மொத்தம் மாதம் 6,000 ரூபாய். கடைத்தெருவில் 40 கடைகள் சேர்ந்தால் கடைக்கு மாதம் 150. நாளைக்கு 5 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை.

ஆண்டு முழுவதற்கும் 72,000 ரூபாய். மூன்று நாள் போட்டிக்கு மின்விளக்கு, பந்தல், மைக்செட், வரும் அணிகளுக்குச் சாப்பாடு, பரிசுத் தொகை என்று ஒரு லட்சத்தைத் தாண்டிய கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டி இல்லாவிட்டால் ஊரே களையிழந்து போகும். விதைக்கும் உரத்துக்கும் காசு வைக்காமல் அறுவடை விருந்துக்கு மட்டும் செலவு செய்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

விளையாட்டுச் சாமானுக்கும் இப்போது பெரிய குறையில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்குப் பந்து, மட்டை, வலை முதலியவை வழங்கப்பட்டன. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லும் உரிமை வரி கட்டும் நமக்கு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இடம். நம் ஊர்களில் பள்ளி மைதானமோ பொது இடமோ ஏதாவது ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கும். மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் ஆட அனுமதி வேண்டும் என்று தலைமையாசிரியரையும் ஊராட்சியையும் சங்கத்தின் சார்பில் எழுத்து மூலம் கேட்கலாம். தனி ஆள் கேட்டால் நடக்காதது சங்கம் கேட்டால் நடக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். திருவிழாக் கடை போட்டு முடிந்ததும் ஆணி, கண்ணாடித் துண்டு, கயிறு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்கள் யார்? காலி அட்டைப்பெட்டியையும் அழுகிய வெங்காயத்தையும் பொது இடத்து மூலையில் கொட்டுகிறவர்கள் யார்? சரக்கு லாரியை மைதானத்தில் நிறுத்துகிறவர்கள் யார்? ஒரு முறை என் கடைக் குப்பையும் அங்கே போய்ச் சேர்ந்தது. வெறுங்காலில் ஓடிய பையன் ஒருவன் காலைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

இரண்டாவது, தீனி. பணமாகக் கொடுக்காமல் சரக்காகக் கொடுப்பது நல்லது. பேரேட்டில் "விளையாட்டுப் பற்று" என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முட்டைக்கடை நண்பர் முட்டை, பருப்பு மண்டி நண்பர் கடலை, மருந்துக்கடை நண்பர் கட்டுத்துணி. மாதம் ஒரு முறை வரவு செலவைக் கடை வாசலில் எழுதி ஒட்டினால் பேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது, சொல்லித் தருபவர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், பழைய மாவட்ட வீரர், போலீசிலோ ராணுவத்திலோ ஆடிவிட்டு ஊர் திரும்பியவர் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். போய் மரியாதையாக அழைத்தால் வராமல் இருக்கமாட்டார். சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை இருக்கிறது. அங்கே படித்து முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான்.

நான்காவது, பெண் பிள்ளைகள். கடலூர் பெருமை பெற்றது அவர்களால். அவர்கள் ஆட வரவேண்டுமானால் விளக்கு வெளிச்சம், கழிப்பறை, கடைசி பஸ்ஸுக்கு முன் பயிற்சி முடிவது ஆகிய மூன்றும் வேண்டும். கடைத்தெரு வழியாக ஜெர்சி போட்டுக்கொண்டு போகும் பெண்ணைப் பார்த்து எவனாவது வாய் திறந்தால், கடையிலிருந்து நாம் ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தக் குரல் ஆயிரம் ரூபாய் நன்கொடையைவிடப் பெரியது.

ஐந்தாவது, பேதம் வேண்டாம். தெருவுக்கொரு அணி, ஆளுக்கொரு கொடி என்று பிரிந்து ஆடினால் போட்டி முடியும்போது கைகலப்பில் நிற்கும். மறுநாள் கடையடைப்பு, நஷ்டம் நமக்குத்தான். ஊர்த்தெரு, காலனி என்று பாராமல் ஒரே அணியாக ஆடி, ஒரே பாத்திரத்துச் சுண்டலைச் சாப்பிடட்டும். நம் கடைக்கு எல்லாத் தெருக்காரரும்தானே வருகிறார்கள்?

இதில் நமக்கு என்ன லாபம்?

வியாபாரி கேட்கவேண்டிய கேள்வி இது. நேரடி லாபம் இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்கும் பையன் டாஸ்மாக் வாசலில் நிற்கமாட்டான். அவன் வீட்டுப் பணம் மளிகைக்கும் படிப்புக்கும் போகும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவன் வேலைக்குப் போனால், மாதச் சம்பளம் வரும் ஒரு வீடு ஊரில் கூடும். அறுவடையை நம்பிக் கடன் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும். பெரிய நகரத்துக் கம்பெனி செல்போன் வழியாக வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுவரும் காலம் இது. விலையில் அவர்களோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். "என் பிள்ளைக்கு முட்டை கொடுத்த கடை" என்ற உறவை அவர்களால் விலைக்கு வாங்க முடியாது.

எங்கள் கடையில் சிறிய அளவில் தொடங்கிவிட்டோம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். நாற்பது ஆக வேண்டும். பிள்ளைகள் இப்போதைக்குப் பதினொரு பேர். முட்டையை அவித்து மாலையில் மைதானத்துக்கு எடுத்துப் போவது யார் தெரியுமா? மூட்டை இறக்க வந்த அந்தப் பழைய ரைடர்தான். முட்டையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வருவதில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, விழும்போது முழங்காலை எப்படிக் காத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கும் ரசீது புத்தகம் வரும். கொடுப்பதைக் கொடுங்கள். கூடவே, "தை முடிந்த பிறகு இந்தப் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள், என்ன சாப்பிடுவார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்புங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். உங்கள் ஊரில் என்ன செய்ய முடியும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.